வாசல் வைத்துக் கட்டிய வலை

எங்கள் ஏரிக்கு வருகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறவர்கள். தோளில் கேமரா, தலையில் தொப்பி. பஸ்ஸை விட்டு இறங்கியதும் 'பூநாரை எங்கே நிக்குது?' என்பதுதான் முதல் கேள்வி. பழவேற்காடு கடைத்தெருவில் நைலான் நூலும் மிதவையும் ஈயக்குண்டும் விற்கிற எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பறவைகள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் இறகு உள்ளதைப் பார்க்க ஊரே திரண்டு வருகிறது. குட்டி போட்டுப் பால் கொடுக்கிற காட்டுப் பிராணிகளைப் பார்க்க இந்த ஊரில் நான் ஒருவன்தான் அலைகிறேன்.

இது எப்போது பிடித்த பைத்தியம் என்று எனக்கே தெரியாது. யானை, புலி என்றால் எனக்கு அவ்வளவு ஈர்ப்பு கிடையாது. அவற்றுக்கு ஆள் இருக்கிறார்கள். ஒருவரும் கண்டுகொள்ளாத, பாதிப் பேருக்குப் பெயரே தெரியாத பிராணிகள்தான் எனக்கு வேண்டும். எளாவூர்ப் பக்கம் ஒரு தோப்பில் எறும்புத்தின்னியைப் பார்த்ததாக ஒருவன் சொன்னதை நம்பிக் கடையை இரண்டு நாள் பூட்டிவிட்டுப் போனேன். பார்த்தது ஒரு குழியை. இன்னொரு தடவை, உப்பங்கழிக் கரையில் நீர்நாய் போட்டுவிட்டுப் போன எச்சத்தைப் பாலிதீன் பையில் எடுத்துவந்து, அதில் என்னென்ன மீனின் செதில் இருக்கிறது என்று பார்ப்பதற்காக மொட்டைமாடியில் காய வைத்தேன். என் மனைவி மிளகாய் காய வைக்க மேலே வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, மத்த வூட்டு ஆம்பளைங்க மார்க்கெட்டுக்குப் போனா மீனு வாங்கிட்டு வர்றாங்க. நீங்க மீன் தின்ன நாயோட பீயை அள்ளிட்டு வர்றீங்க."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எச்சத்தை மிளகாய்க்கு எட்டாத மூலைக்கு நகர்த்தி வைத்தேன்.

இப்படிப்பட்ட என் ஆசைகளில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது முதுகுத் துடுப்பில்லாத கடற்பன்றி. ஓங்கிலை, அதாவது டால்பினை, கடலுக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். படகுக்கு முன்னால் எகிறிக் குதித்து வேடிக்கை காட்டும். இது அதற்கு உறவு, ஆனால் குதிக்காது. மூக்கு நீண்டிருக்காது, தலை உருண்டை, முதுகு மழமழவென்று வெறுமையாக இருக்கும். மூச்சு விட மேலே வருவதுகூட, கல்யாண வீட்டில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் எழுந்து போகிற கூச்சக்காரர் மாதிரிதான். கலங்கிய தண்ணீரிலும் வழி தவறாது. வாயிலிருந்து சின்னச் சின்னச் சத்தத்தை அனுப்பி, அது எதில் பட்டுத் திரும்புகிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் போகும். இதை நான் டீக்கடையில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. கடலோரத்தில் செத்து ஒதுங்கியதை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். உயிரோடு ஒரு தடவைகூட இல்லை.

போன வருஷம் பங்குனியில் ஒரு நாள் காலை, கடையில் ஈயக்குண்டு நிறுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கூப்பிட்டவர் முகத்துவாரத்துக்குப் பக்கத்துக் குப்பத்துக்காரர். இருபது வருஷமாக என்னிடம்தான் நூல் வாங்குகிறார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைப் பாய் என்பார்.

"பாய், இன்னா பண்ற?"

"வியாபாரம்ணே."

"அத்த அப்டியே போட்டுட்டு ஓடியா. உன் பன்னி ஏரிக்குள்ள வந்து கீது."

"செத்ததா?"

"மூச்சு உடுது பாய். ரெண்டா கீது. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு."

பக்கத்து டீக்கடைக்காரரிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினேன். அண்ணன் படகில் காத்திருந்தார். முகத்துவாரத்திலிருந்து ஏரிக்குள் வருகிற கால்வாய் அகன்று விரிகிற இடத்தில் கழியை ஊன்றிப் படகை நிறுத்தினார். ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பத்தடி தூரத்தில் ஒரு கருஞ்சாம்பல் முதுகு மேலே வந்து, புஸ் என்று மூச்சு விட்டு, இறங்கியது. அதை ஒட்டினாற்போல இன்னொன்று, கால்வாசி அளவுக்கு. அது தாயை விட்டு ஒரு முழம்கூட விலகவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் நல்ல மனுஷர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒரு வாரம் நான் கடையில் இருந்த நேரம் குறைவு. காலையில் போவேன், மத்தியானம் வெயில் தாங்காமல் திரும்புவேன், சாயங்காலம் மறுபடி போவேன். தாய் எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை மேலே வருகிறது, குட்டி எந்தப் பக்கம் நீந்துகிறது, எப்போது பால் குடிக்கிறது என்று நோட்டில் எழுதினேன். என் வயதில் ஒருவன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கலாமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலும் குட்டியைப் பற்றியே பேசினேன். மனைவி இரண்டு நாள் முறைத்துவிட்டு மூன்றாம் நாள் தானாகவே, "இன்னைக்கு அது பால் குடிச்சிச்சா?" என்று கேட்டாள்.

அதே மூன்றாம் நாள்தான் அண்ணன் முதல் தடவை சொன்னார்.

"பாய், தெக்குக் காத்து புடிச்சிருச்சு. மணலு தள்ளிகினு வருது. முந்தாநேத்து மொகத்துவாரத்துல இடுப்பாழம் தண்ணி, இன்னிக்கித் தொடையளவுதான். மூடப் போவுது. இப்பவே ரெண்டையும் வெளிய அனுப்பிடலாமா?"

"இருக்கட்டும்ணே. வழி தெரிஞ்சுதானே வந்துச்சு. தானா போகும். நாம போய்க் குறுக்க நின்னா அது பயந்துடும்."

படித்தவன் சொல்கிறேன் என்பதால் அவர் தலையாட்டிவிட்டார். ஆனால் உண்மை அது இல்லை. இன்னும் ஒரு நாள் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மறுநாளும் அதே ஆசை. என் ஆசைக்கு நான் அறிவு என்று பெயர் வைத்துக்கொண்டேன். கடல் விஷயத்தில் அவர் சொன்னதை நான் தட்டியது அதுதான் முதல் தடவை.

ஏழாம் நாள் முகத்துவாரத்துக்கு நடந்தே போய்ப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே தண்ணீர். இரண்டு பக்கத்து மணலும் நடுவில் கைகோக்கப் பார்த்தன. அவ்வளவு ஆழத்தில் பெரியது தரைதட்டிவிடும். அண்ணனைத் தேடிப் போனேன்.

"நாளான்னைக்கு அமாவாச. கடல் ஏத்தம் நல்லா ஏறும்," என்றார். "அன்னிக்கித் தண்ணி வத்த ஆரம்பிக்கும்போது உட்டா உண்டு பாய். அதத் தாண்டினா மழைக்குத்தான் வாய் தொறக்கும்."

அதுவரைக்கும் தாங்காது. கோடையில் எங்கள் ஏரி வற்றிச் சேறாகும். மிச்சம் இருக்கிற தண்ணீர் உப்பேறிக் கொதிக்கும். எனக்குத் தெரிந்ததுதான். ஏழு நாளும் தெரிந்ததுதான்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. கால்வாயில் இறால் இறங்குகிற இடங்களில் நினைத்தவன் நினைத்தபடி வலை கட்ட முடியாது. பாடு என்று முறை உண்டு. சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்னாருடையது என்று ஊர் கூடி முடிவு செய்யும். தண்ணீர் வற்றும்போது கடலைப் பார்த்து ஓடுகிற இறால், கால்வாய்க்குக் குறுக்கே கட்டிய வலையில் விழும். ஒருவருக்கு வந்த பாடு மறுபடி வர நாளாகும். அமாவாசைப் பாடு வருவது அதிலும் அதிர்ஷ்டம். அந்த அமாவாசைப் பாடு அண்ணனுக்கு விழுந்திருந்தது. அந்த வலை கால்வாயை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும். போகிற வழியே அதுதான்.

கட்டாதீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே ஊர்ப் பெரியவர்களிடம் போய், அன்று வலை கட்டாமல் விடலாமா என்று கேட்டுவிட்டார். அவர் வலை கட்டாவிட்டால் முறைப்படி பாடு அடுத்தவருக்குப் போகும், அவர் கட்டுவார் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் பிரயோசனம் இல்லை. கடைசியில் ஒரு பெரியவர், "உன் பாட்டுல நீ வலைய எப்டி கட்டிக்கினாலும் அது உன் இஷ்டம்பா" என்றாராம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அண்ணன் நடுவில் இரண்டு படகு அகலத்துக்கு இடம் விட்டு வலை கட்டினார்.

கரையில் நின்ற அவர் மனைவி என்னிடம் சொன்னார். "இந்த ஏரியில பன்னிக்கு வாசப்படி வெச்சு வலை கட்டுனது உங்க அண்ணன் ஒருத்தர்தான் பாய். இறாலு அத்தினியும் அந்த வாசலாலதான் போவும். போவட்டும், கைப்புள்ளக்காரியாட்டம் குட்டியோட வந்து நிக்குது."

அமாவாசை அன்று காலை ஏற்றம் அண்ணன் சொன்னபடியே ஏறியது. தண்ணீர் வற்றத் தொடங்கியதும் மூன்று படகு அரைவட்டமாக விரிந்து நின்றோம். நான் அண்ணன் படகில் இருந்தேன். தாயும் குட்டியும் எங்களுக்கும் வலைக்கும் நடுவில் இருந்தன. வாசல் வலைக்கு நடுவில் இருந்தது. இனி விரட்ட வேண்டியதுதான். எங்கள் ஏரியில் எதையாவது விரட்டுவது என்றால் ஒரே வழிதான். மடவை மீனை வலைக்கு விரட்டுவதுபோலப் படகின் பக்கத்தைத் துடுப்பாலும் கட்டையாலும் தட்டுவார்கள். எல்லோரும் பிறந்ததிலிருந்து பார்த்த வேலை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை, மூன்று படகிலும் ஒரே நேரத்தில் தட்ட ஆரம்பித்தார்கள். நானும் ஒரு கட்டையை எடுத்துத் தட்டினேன். எல்லோரையும்விட வேகமாகத் தட்டினேன்.

முதலில் சரியாகத்தான் நடந்தது. இரண்டும் வலையைப் பார்த்து நகர்ந்தன. நாங்கள் நெருங்கி இன்னும் பலமாகத் தட்டினோம். சட்டென்று பெரியது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வாசல் வழியாகப் பாய்ந்து போனது. கால்வாயில் அது போன தடம் முகத்துவாரம் வரைக்கும் தெரிந்தது. பக்கத்துப் படகில் ஒருவர் விசில் அடித்தார். நானும் கத்தினேன். குட்டி கூடவே போயிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பிறகு எங்கள் படகுக்குப் பின்னால் புஸ் என்று ஒரு சின்ன மூச்சுச் சத்தம் கேட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சத்தத்தால் வழி பார்க்கிற பிராணியைச் சுற்றி மூன்று படகில் உட்கார்ந்து தட்டியிருக்கிறோம். கண்ணைக் கட்டிவிட்டு ஓடு ஓடு என்று விரட்டியிருக்கிறோம். தாய் எப்படியோ தப்பிவிட்டது. குட்டிக்குத் தாய் போன திசையே தெரியவில்லை. அவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். என் கையில் கட்டை இன்னும் இருந்தது.

மறுபடி முயன்றோம், தட்டாமல், மெதுவாக. அது வலைப்பக்கம் போகவே மாட்டேன் என்று விலகி விலகி ஓடியது. தண்ணீர் வற்றிவிட்டது. மறுநாள் காலை முகத்துவாரம் மூடிக் கிடந்தது, மணலில் யாரோ நடந்து போன செருப்புத் தடம் இருந்தது.

வனத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். போனில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். இது சட்டத்தில் முதல் பட்டியலில் இருக்கிற உயிர், நீங்களாகத் தொட வேண்டாம், தூக்குகிறேன் என்று போய் மூச்சடைத்துச் செத்துவிட்டால் கஷ்டம், பழக்கமுள்ள ஆட்கள் வேறு ஊரில் இருக்கிறார்கள், இரண்டு நாளில் வருவார்கள் என்றார். பசும்பால் கொடுக்கலாமா என்று அண்ணன் மனைவி கேட்கச் சொன்னதையும் கேட்டேன். கூடாது என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. அதனால் எனக்கு யார் மேலும் கோபப்படக்கூட வழியில்லை. நான் குப்பத்தில் போய், யாரும் தொடாதீர்கள், கேஸ் ஆகிவிடும் என்று சொன்னேன். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். என் பேச்சைக் கேட்பதை இவர்கள் எப்போதுதான் விடப் போகிறார்கள் என்று எரிச்சலாக இருந்தது.

அந்த இரண்டு நாளும் மணல்திட்டின் மேல் உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல். நடுவில் நூறு அடி மணல். ஏரியில் குட்டி சுற்றிச் சுற்றி வந்தது. கடலில், அலை உடைகிற இடத்துக்கு அப்பால், முதல் நாள் முழுக்கத் தாய் இருந்தது. இரண்டாம் நாள் காலையில் பார்த்தேன். சாயங்காலம் பார்த்தது அதுதானா, அலையா என்று தெரியவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சோறு போட்டாள்.

மூன்றாம் நாள் காலை போன் செய்தால், வண்டி கிளம்பத் தாமதம், இன்னும் ஒரு நாள் ஆகும் என்றார்கள். குட்டி முன்னைவிட அடிக்கடி மேலே வந்தது. மூச்சு சின்னதாகியிருந்தது. அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எத்தினி நாளு தாங்கும் பாய், பாலு இல்லாம?"

நான் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "கேஸு வந்தா வரட்டும்" என்றார்.

ஆறு பேர் இறங்கினார்கள். சத்தம் இல்லை. சின்னக்கண் வலை ஒன்றை விரித்து, மார்பளவு தண்ணீரில் மெல்ல மெல்ல நெருக்கி, அண்ணன் இரண்டு கையிலும் அதை ஏந்திக்கொண்டார். அவர் மனைவி நனைத்த பழைய புடவையை நீட்டினார். தூளி மாதிரி பிடித்து, மூச்சுத் துளையில் மணல் படாமல், மணல்திட்டின் மேல் நடந்தார்கள். நான் கூடவே நடந்து அதன் முதுகில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தேன். முதல் தடவையாகத் தொட்டேன். வழவழப்பாக, எதிர்பார்க்காத சூட்டோடு இருந்தது. நூறு அடி நடக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டு நாளுக்கு முன்னால் தாய் அலைக்கு அந்தப் பக்கம் நின்றபோது இதைச் செய்திருக்கலாம்.

கரையிலேயே விட்டால் அலை திருப்பித் தள்ளிவிடும் என்பதால், கடல்பக்கம் நின்ற அண்ணனுடைய மச்சானின் படகில் ஏற்றிக்கொண்டு அண்ணனும் நானும் போனோம். அலைகளைத் தாண்டியதும் அவர் இஞ்சினை அணைத்தார்.

"ஆத்தாக்காரி தூரமா போயிருக்க மாட்டா. இது கத்துனா கேட்டுக்கும், இல்ல பாய்?"

"கேட்கும்ணே."

புடவையோடு தண்ணீரில் இறக்கி, மெல்ல அவிழ்த்தோம். குட்டி ஒரு கணம் அசையாமல் மிதந்தது. பிறகு வாலை அடித்து இறங்கியது. நான் தூரத்தைப் பார்த்தேன். அது தூரத்தில் வரவில்லை. எங்கள் படகின் பக்கத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில் மேலே வந்தது. படகின் அடிப்பக்கத்தை வாயால் முட்டியது. இந்தப் பக்கம் முட்டிவிட்டு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் முட்டியது. பெரிதாக, கறுப்பாக, தண்ணீரில் அசைகிற ஒன்று பக்கத்தில் இருக்கிறது. அதற்கு அது போதுமாக இருந்தது.

இரண்டு மணி நேரம் இருந்தோம். அண்ணன் எழுந்து நின்று கண்ணுக்கு மேலே கை வைத்து நாலு திசையும் பார்த்தார். கடலில் இன்னொரு முதுகு எங்கேயும் இல்லை. துடுப்புப் போட்டுக் கொஞ்சம் நகர்ந்து பார்த்தோம், கூடவே வந்தது. காற்று ஏற ஆரம்பித்தது. படகு ஆட்டம் கண்டது. கரைக்குத் திரும்பியே ஆக வேண்டும். திரும்பினால் அதுவும் வரும், அலையில் சிக்கும். அதை விட்டுவிட்டுப் போக வேண்டுமானால், குட்டியால் தொடர முடியாத வேகத்தில் கடலைப் பார்த்தே கொஞ்ச தூரம் ஓட்டிப் போய்ச் சுற்றித் திரும்ப வேண்டும்.

அண்ணன் இஞ்சின் கயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றார். கடலில் எதற்கும் என்னைக் கேட்காதவர்.

"நீயே சொல்லு பாய். என்னால முடியாது."

குட்டி முன்பக்கத்து ஓரத்தில் முட்டிக்கொண்டிருந்தது. பின்னால் இஞ்சின் விசிறியில் அடிபடாது. அதைவிட நல்ல சமயம் வராது.

"போடுண்ணே," என்றேன்.

அவர் கயிற்றை இழுத்தார். படகு கிளம்பியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அந்தச் சின்ன முதுகு மேலே வந்து வந்து இறங்கியது. தன்னால் முடிந்த மட்டும் வேகமாக நீந்தி, எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.